குளக்கரையில் கண் திறந்தபடி ஒரு தியானம்!

*அறைக்குள் உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறதா? மரத்தடியிலும் குளக்கரையிலும் காலாற நடந்துகொண்டே பழகும் பௌத்த தியானம் உங்களுக்குக் கைகொடுக்கலாம்.*

"டென்ஷனைக் குறைங்க... தினமும் கொஞ்ச நேரம் தியானம் பண்ணுங்க!"

பி.பி. பார்த்துவிட்டு டாக்டர் இப்படிச் சொல்லாத வீடு இன்றைக்கு உண்டா? நாமும் மறுநாள் விடியற்காலையில் எழுந்து, பாயை விரித்து, கண்ணை மூடி உட்கார்கிறோம். ஐந்தாவது நிமிஷம் பால்காரர் பாக்கி ஞாபகத்துக்கு வருகிறது. பத்தாவது நிமிஷம் கால் மரத்துப்போகிறது. பதினைந்தாவது நிமிஷம் தலை தொங்கி, லேசாகக் குறட்டை! 'நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது' என்று பாயைச் சுருட்டி வைத்துவிடுகிறோம்.

அப்படிச் சுருட்டி வைத்தவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கதவைச் சாத்தி, கண்ணை மூடி, கட்டைபோல உட்கார்ந்தால்தான் தியானம் என்று எந்தச் சட்டமும் இல்லை. பௌத்த தியானம் பிறந்ததே திறந்தவெளியில்தான். புத்தர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா சுத்தோதனர் ஏர் பூட்டும் விழாவில் இருந்த நேரத்தில், பக்கத்தில் நாவல் மர நிழலில் உட்கார்ந்தபடி முதன்முதலாக மனம் ஒருமைப்பட்டதாகப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. பிற்காலத்தில் பட்டினி கிடந்து உடம்பை வருத்தியும் பலன் கிடைக்காமல் போனபோது, அந்த நாவல் மர நிழல்தான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். அதன்பிறகுதான் அரச மரத்தடி, ஞானம் எல்லாம். தியானம் பழகப்போகிறவனுக்கு அவர் காட்டிய இடங்களும் மூன்றுதான்: காடு, மரத்தடி, ஆளில்லாத இடம்.

காஞ்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

'அதெல்லாம் எங்கேயோ வடக்கே' என்று நினைக்காதீர்கள். காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பௌத்தத்தின் பெரிய கேந்திரம். கி.பி. 640-ஐ ஒட்டி இங்கே வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். நாளந்தா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர். மணிமேகலைக் காப்பியம் முடிவதும் காஞ்சியில்தான். அதில் வரும் அரசன், மணிபல்லவத் தீவில் இருப்பதுபோலவே ஒரு பொய்கையும் பொழிலும் காஞ்சியில் அமைத்ததாகக் கதை. கவனியுங்கள்... புத்த பீடிகையோடு சேர்த்து ஒரு குளமும் ஒரு தோப்பும்!

இன்னொருவர் புத்தகோசர். கி.பி. 5-ம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்துகொண்டு 'விசுத்திமக்கம்' என்ற தியான நூலை எழுதியவர். தேரவாத பௌத்தர்களுக்கு இன்றைக்கும் அதுதான் தியானக் கையேடு. அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவர் எழுதிய ஓர் உரைநூலின் முடிவுரையே குறிப்பிடுகிறது.

சரி, இன்றைக்கு அந்தப் பகுதியில் குளமும் மரநிழலும் அமைதியும் வேண்டுமென்றால் எங்கே போவது? காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐயங்கார்குளம் ஒரு நல்ல உதாரணம். இது பௌத்தர்கள் வெட்டிய குளம் இல்லை. விஜயநகர அரசர் காலத்தில் வாழ்ந்த லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் என்ற வைணவப் பெரியவர் வெட்டிய பெரிய நீர்நிலை. தாத்தாசமுத்திரம் என்ற பெயரும் உண்டு. கரையில் சஞ்சீவிராயர் கோயில். ஊரில் நடவாவிக் கிணறு. படியிறங்கி பூமிக்குள்ளே போனால் மண்டபமும் அதன் நடுவே கிணறும் இருக்கும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் தரிசனத்தை முடித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், கரையில் ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கோயிலுக்கும் மரியாதைக் குறைவு இல்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை. இந்தத் தியானத்துக்கு மந்திரம் கிடையாது, மணி அடிப்பது கிடையாது. பார்க்கிறவர்களுக்கு நீங்கள் சும்மா நடப்பதுபோலத்தான் தெரியும்!

ஒரே ஒரு நாளைத் தவிர்த்துவிடுங்கள். சித்ரா பௌர்ணமி அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் நடவாவிக்கு எழுந்தருளுவார். ஊரே திரண்டு வரும். அன்றைக்குத் தியானம் வேண்டாம், திருவிழாவை ரசியுங்கள்.

'குளம் இருந்தால் குற்றம்!'

இங்கே ஒரு வேடிக்கை. தியானம் பழகும் துறவி எந்த மாதிரி மடத்தில் தங்கக் கூடாது என்று விசுத்திமக்கம் பதினெட்டுக் குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. அதில் ஒன்று என்ன தெரியுமா? பக்கத்தில் குளம் இருப்பது! குளம் இருந்தால் தண்ணீர் எடுக்க ஆட்கள் வருவார்கள், பேச்சுச் சத்தம் கேட்கும், மனசு கலையும். பாதை ஓரம், வயல் பக்கம், பூ பறிக்கவும் பழம் பறிக்கவும் ஆட்கள் வரும் தோப்பு இவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

அப்படியானால் குளக்கரை தியானமே தப்பா?

துறவிக்கு அது இடைஞ்சல். மாதக்கணக்கில் ஆழமாகப் பழகுகிறவருக்கு ஆள் நடமாட்டம் ஆகாது. நம் கதை வேறு. குக்கர் விசில், காலிங் பெல், பிள்ளைகளின் சண்டை, ஆபீஸ் போன்... இதற்கு நடுவே வாழ்கிறவர்கள் நாம். சத்தமே இல்லாத இடத்தில் மட்டும் அமைதியாக இருக்கப் பழகினால், வீட்டு வாசலில் கால் வைத்த மறு நிமிஷம் அந்த அமைதி பறந்துவிடும். குளக்கரையில் ஆடு கத்தும், யாரோ துணி துவைப்பார்கள், தூரத்தில் லவுட் ஸ்பீக்கர் பாடும். அதையெல்லாம் கேட்டுக்கொண்டே மனசைத் தன் இடத்துக்குத் திருப்பிக்கொண்டு வருவதுதான் நமக்கான பயிற்சி. இயற்கையை ரசிப்பது நல்லதுதான். ஆனால் 'ஆஹா, என்ன அழகு!' என்பதிலேயே நின்றுவிட்டால் அது பிக்னிக். வெயிலும் எறும்பும் வந்தபோது மனசு என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் அது தியானம்.

துறவிகளுக்குச் சொன்ன இன்னொரு பட்டியல் அப்படியே நமக்கும் பொருந்தும். நல்ல இடத்துக்கு ஐந்து லட்சணங்கள்: ரொம்ப தூரமும் கூடாது, ரொம்பக் கிட்டவும் கூடாது, போய்வர வழி இருக்க வேண்டும். கூட்டம் குறைவாக இருக்க வேண்டும். ஈ, கொசு, காற்று, வெயில், ஊர்வன இவற்றின் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். சாப்பாடு, மருந்து சுலபமாகக் கிடைக்க வேண்டும். சந்தேகம் கேட்க விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எத்தனை நடைமுறை ஞானம் பாருங்கள்!

நடந்தால் ஐந்து நன்மை

பௌத்தத்தில் நடைத்தியானத்துக்குப் பாலி மொழியில் 'சங்கமம்' என்று பெயர். நாம் சொல்லும் ஆறுகள் சேரும் சங்கமம் இல்லை, முன்னும் பின்னும் உலாவுவது என்று அர்த்தம். புத்தகயாவுக்குப் போனவர்கள், ஞானம் பெற்ற பிறகு புத்தர் உலாவிய இடம் என்று கோயிலின் வடக்குப் பக்கத்தில் ஒரு மேடையைப் பார்த்திருப்பீர்கள். இலங்கையில் அரங்கலை வன மடாலயத்தில் துறவிகள் உலாவ அமைத்த பழைய கற்பாதை இன்றும் இருக்கிறது.

இப்படி உலாவுவதால் ஐந்து நன்மைகள் என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. தூரம் நடக்கும் தெம்பு வரும், முயற்சி செய்யும் சக்தி வரும், நோய் அண்டாது, சாப்பிட்டது நன்றாகச் செரிக்கும், நடந்தபடி பெற்ற மன ஒருமை நீண்ட நேரம் நிலைக்கும். ஐந்தில் நான்கு உடம்புக்கானது என்பதைக் கவனித்தீர்களா? சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்று இன்றைய டாக்டர்களும் சொல்கிறார்கள்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் பழைய உரைகளில் அளவு உண்டு. அறுபது முழ நீளம், அதாவது சுமார் 90 அடி. மணல் தூவிய மெத்தென்ற சமதளம். ஐந்து குற்றங்கள் கூடாது: கரடுமுரடு, பாதை நடுவில் மரம், புதர் மூடிய பாதை, ரொம்பக் குறுகல், ரொம்ப அகலம். குறுகலாக இருந்தால் கால் இடறும். அகலமாக இருந்தால் மனசு அலையும்!

செய்முறை: 40 நிமிஷம்

*நேரம்:* காலை வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மாலை வெயில் தணிந்த பிறகு, நல்ல வெளிச்சத்தில். செல்போனை அணைத்துப் பையில் போடுங்கள். போட்டோ எல்லாம் பிறகு!

*1. நிற்பது (5 நிமிஷம்).* கரையில் மேடு பள்ளம் இல்லாத ஓர் இடம். இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கைகளை முன்னாலோ பின்னாலோ கோத்துக்கொள்ளுங்கள். கண் திறந்தே இருக்கட்டும். பாரம் முழுவதும் பாதத்தில் இறங்குவதைக் கவனியுங்கள். குதிகாலில் அதிகமா, விரல் பக்கம் அதிகமா? மூச்சை இழுக்கவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம். அது பாட்டுக்கு வரட்டும், போகட்டும்.

*2. நடப்பது (15 நிமிஷம்).* எதிரே முப்பது, நாற்பது அடி வைக்கும் தூரத்தை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்று, மெதுவாகத் திரும்பி, மறுபடி நடக்க வேண்டும். பார்வை நாலைந்து அடி முன்னால் தரையில். முதலில் சாதாரண வேகம்: 'இடது... வலது...' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். ஐந்து நிமிஷம் கழித்து வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு அடியையும் மூன்றாகப் பிரியுங்கள்: 'தூக்குதல்... நகர்த்துதல்... வைத்தல்...' இப்படிப் பெயர் சொல்லிப் பழகும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியவர் பர்மாவின் மகாசி சயாதோ (1904-1982).

நடுவில் ஒரு பைக் ஹாரன் அடிக்கிறதா? 'கேட்கிறது.' எரிச்சல் வருகிறதா? 'எரிச்சல்.' அவ்வளவுதான். ஹாரன் அடித்தவரைத் திட்ட வேண்டாம், எரிச்சல்பட்ட உங்களையும் திட்டிக்கொள்ள வேண்டாம். கவனத்தைப் பாதத்துக்குத் திருப்புங்கள். நூறு தடவை ஓடினால் நூறு தடவை திருப்புங்கள். 'மனசு ஓடிவிட்டதே' என்று தெரிந்துகொண்ட அந்த நொடிதான் தியானம்! இந்தத் தெரிந்துகொள்ளும் தன்மைக்குப் பாலியில் 'சதி' என்று பெயர். பயப்படாதீர்கள், நம்மூர் சதித்திட்டம் இல்லை. 'ஸ்மிருதி' என்ற வடமொழிச் சொல்லின் பாலி வடிவம். நினைவோடு இருப்பது என்று பொருள்.

*3. உட்கார்வது (15 நிமிஷம்).* காய்ந்த படிக்கட்டில், தண்ணீருக்கு நாலைந்து படி மேலே உட்காருங்கள். சம்மணம் கட்டாயம் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் காலைத் தொங்கப்போட்டுக்கொள்ளலாம். முதுகு நேராக, கண் பாதி திறந்தபடி. மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். இதுதான் 'ஆனாபானசதி'.

மூச்சு பிடிபடவில்லையா? சுற்றிலும் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தர் தன் மகன் ராகுலனுக்கு ஒரு பாடம் சொன்னார்: மண்ணைப் போல இருக்கப் பழகு. நல்லதைக் கொட்டினாலும் அசுத்தத்தைக் கொட்டினாலும் மண் முகம் சுளிப்பதில்லை. தண்ணீரும் அப்படித்தான், நெருப்பும் காற்றும் அப்படித்தான். ஆகாயம் எதிலும் ஒட்டுவதில்லை. குளக்கரையில் இந்தப் பாடத்துக்குத் தனியாகக் கற்பனையே வேண்டாம். உட்கார்ந்திருக்கும் கல், எதிரே தண்ணீர், முதுகில் வெயில், முகத்தில் காற்று, தலைக்கு மேல் வானம். ஒவ்வொன்றாக, மூன்று நிமிஷம் வீதம், உடம்பில் அது எங்கே படுகிறது என்று உணர்ந்து பாருங்கள். காலையில் மாமியாரோடு நடந்த வாக்குவாதம் நடுவில் தலைகாட்டும். மண் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்!

*4. முடிப்பது (5 நிமிஷம்).* 'மைத்ரி' என்னும் அன்பு நினைப்பு. 'நான் நலமாக இருக்கட்டும். என் வீட்டார் நலமாக இருக்கட்டும். இந்தக் கரையில் இருக்கும் மனுஷர், ஆடு மாடு, மீன், கொக்கு எல்லாம் நலமாக இருக்கட்டும்.' உங்களுக்குப் பிடிக்காத ஒருவரையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லையா? பரவாயில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம். சட்டென்று எழுந்திருக்காமல், கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள்.

நிஜமாகவே பலன் உண்டா?

'நம்பினால் நல்லது நடக்கும்' என்ற கதை இல்லை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மெதுவாகும். மூச்சு நிதானமாகி, வெளிமூச்சு நீளும்போது, உடம்பைச் சாந்தப்படுத்தும் நரம்பு மண்டலத்தின் கை ஓங்குகிறது. தியானத்தில் முதலில் கிடைக்கும் இதத்துக்கு இது ஒரு காரணம்.

மரமும் தண்ணீரும் தங்கள் பங்குக்கு உதவுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது. இங்கிலாந்தில் சுமார் இருபதாயிரம் பேரிடம் விசாரித்து 2019-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், 'உடம்பும் மனசும் நன்றாக இருக்கின்றன' என்று அதிகம் பேர் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமும் சரி, மூன்று நாளாகப் பிரித்தாலும் சரி.

தியானத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் பௌத்த முறைகளிலிருந்து எடுத்து, மதச்சாயல் இல்லாத எட்டு வாரப் பயிற்சியாக நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்தப் பயிற்சியும் மற்றதற்கு எஸ்சிடலோபிராம் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. எட்டு வார முடிவில் இரண்டு பிரிவிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தது.

உடனே மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அந்த நோயாளிகள் வாராவாரம் ஆசிரியரிடம் முறையாகப் படித்தவர்கள், வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை குளக்கரைக்குப் போய்வந்ததற்காகத் திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. ரத்த அழுத்தம், சர்க்கரை, மனநோய்... எதற்கான மாத்திரையானாலும் டாக்டர் சொல்லாமல் குறைக்கவே கூடாது.

ஒரு பெரிய தியான ஆசிரியரின் கதையே இதைச் சொல்கிறது. விபாசனா தியானத்தை இந்தியாவில் மறுபடி வேரூன்ற வைத்த சத்ய நாராயண் கோயங்கா (1924-2013), பர்மாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தபோது கடுமையான ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்டவர். அதற்காகத்தான் 1955-ல் ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். 'தலைவலிக்கு மருந்தாக நினைத்து வராதீர்கள், மனசைச் சுத்தப்படுத்த வாருங்கள்' என்று ஆசிரியர் முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தாராம். உடல் குணமாவது பக்கத்தில் கிடைக்கும் பலன், குறிக்கோள் மனசு என்பது அவர் கட்சி. குளக்கரைக்குப் போகும்போது நாமும் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கட்டாயம் கவனியுங்கள்!

● *சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது.* 'புல்லில் வெறுங்காலோடு நட' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். மெத்தென்ற, விரல் மூடிய செருப்பு போடுங்கள். செருப்போடு போகக்கூடாத கோயில் படிக்கட்டு என்றால் வெளியே கரையிலேயே பழகுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.

● இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு போக வேண்டாம். பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். படபடப்பு, வியர்வை, நடுக்கம் வந்தால் அது 'தியான அனுபவம்' இல்லை, சர்க்கரை குறைந்த அறிகுறி!

● டெங்கு கொசு பகலில் கடிக்கும், அதிலும் காலையிலும் சாயங்காலமும் அதிகம். முழுக்கைச் சட்டை, கை கால்களில் கொசு விரட்டி களிம்பு அவசியம்.

● இருட்டிய பிறகு புதர் ஓரம், கல் இடுக்கு, கரை மேடு வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

● பாசி படிந்த படி, மழைக்கால ஈரக் கரை இரண்டும் வழுக்கும். நீச்சல் தெரியாத குழந்தைகளை அழைத்துப்போனால் ஒருவர் தியானத்தில் சேராமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

● பெண்கள், வயதானவர்கள் தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது.

● தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அண்மையில் பெரிய அதிர்ச்சியைச் சந்தித்தவர்கள் மனநல டாக்டரைக் கேட்காமல் நீண்ட மௌனப் பயிற்சிகளில் சேர வேண்டாம். அமைதியாக உட்காரும்போது சிலருக்குப் பழைய பயமும் துக்கமும் திடீரென்று பொங்கும். அப்படி ஆனால் நிறுத்திவிட்டு, எழுந்து நடந்து, கூட இருப்பவரிடம் பேசுங்கள். 'வாழவே பிடிக்கவில்லை' என்ற எண்ணம் வந்தால் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம்.

சில சந்தேகங்கள்

*'இதைச் செய்தால் மதம் மாறியதாக ஆகிவிடாதா?'*

மூச்சுக்கும் பாதத்துக்கும் மதம் ஏது? கொடைக்கானல் பெருமாள்மலையில் 'போதி ஜென்டோ' என்ற ஜென் தியான மையத்தை 1996-ல் தொடங்கிய ஆமா சாமி ஓர் ஏசு சபைப் பாதிரியார்! ஜப்பானில் ஜென் குருவிடம் பயின்றவர். உங்கள் வீட்டு வழிபாட்டை விடவேண்டியதில்லை.

*'முறையாகப் படிக்க எங்கே போவது?'*

சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூர் வழியாகப் போனால் திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' விபாசனா மையம் இருக்கிறது. பத்து நாள் மௌனத்தோடு அங்கேயே தங்க வேண்டும். கட்டணம் கிடையாது, முடிவில் விரும்பினால் நன்கொடை தரலாம். ஒன்று தெரிந்துகொண்டு போங்கள்: அங்கே உட்கார்ந்து பயில்வதுதான் முறை, நடைத்தியானத்தைத் தனிப் பயிற்சியாகச் சொல்லித் தருவதில்லை. ஜென் முறையில் உட்காருவதற்கு நடுநடுவே நடைத்தியானமும் உண்டு.

*'நாங்கள் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். குளத்துக்கு எங்கே போவது?'*

தினமும் மொட்டைமாடி போதும். அறுபது முழம் இல்லாவிட்டால் இருபது முழத்தில் பழகுங்கள். தொட்டிச் செடி, காக்காய், வானம் எல்லாம் அங்கேயும் உண்டு. மாதம் ஒரு முறை குடும்பத்தோடு குளக்கரைக்கோ கடற்கரைக்கோ போங்கள்.

*'குழந்தைகள் செய்யலாமா?'*

தாராளமாக. ஆனால் நாற்பது நிமிஷம் கேட்காதீர்கள். 'கண்ணா, ஐந்து நிமிஷத்தில் எத்தனை விதமான சத்தம் கேட்குதுன்னு விரல் விட்டு எண்ணு, பார்ப்போம்!' என்று சொல்லுங்கள். அவர்கள் கணக்கு உங்கள் கணக்கை மிஞ்சிவிடும்.

*'எத்தனை நாளில் பலன் தெரியும்?'*

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 'நேற்றுக் கோபம் வந்தபோது, அது வருவது எனக்குத் தெரிந்ததா?' என்று கேட்டுப் பாருங்கள். கோபம் வாயைத் திறக்கும் முன்பே அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் தியானம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் இருப்பவர்களை விடச் சரியான ஆள் கிடையாது.

அடுத்த விடுமுறைக்குக் காஞ்சிபுரம் போகிறீர்களா? பட்டுப்புடவைக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு நாற்பது நிமிஷத்தை மட்டும் மிச்சம் பிடியுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு குடை, நல்ல செருப்பு... செலவு அவ்வளவுதான்.